குடல் எரிச்சல் நோய்: உணவுமாற்றத்தை நோயாளிக்குக் கற்பிப்பது எப்படி? வடசென்னையை முன்வைத்து ஒரு விளக்கம்

வயிற்றுவலி, வயிற்று உப்புசம், சில நாள் வயிற்றுப்போக்கு, சில நாள் மலச்சிக்கல் என மாதக்கணக்கில் அவதியுறும் ஒருவருக்குப் பரிசோதனைகள் அனைத்தும் முடிந்தபின், "குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. இது குடல் எரிச்சல் நோய். உணவில் கட்டுப்பாடாக இருங்கள்" என்று கூறப்படுகிறது. எந்த உணவை, எவ்வளவு, எத்தனை நாள் கட்டுப்படுத்துவது என்பது தெரியாமலேயே பலர் வீடு திரும்புகின்றனர். பின்னர் அக்கம்பக்கத்தார் கூறுவதையும், கைப்பேசியில் வரும் பட்டியல்களையும் கேட்டு ஒவ்வொரு உணவாகக் கைவிடுகின்றனர்.

கடந்த சில ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், இந்நோய்க்கு உணவுமாற்றம் மருந்துக்கு இணையான பயன் தரக்கூடும் என்பதைக் காட்டியுள்ளன. ஆயினும் அப்பயன், உணவுமாற்றம் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய துறைமுக, தொழிற்சாலைப் பகுதிகளில் வாழும் மக்களுக்கு எவ்வகைக் கற்பித்தல் பொருந்தும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

குடல் எரிச்சல் நோய் என்றால் என்ன?

மருத்துவர்கள் சீட்டில் ஐ.பி.எஸ். என்று சுருக்கமாக எழுதுவது இந்நோயையே. "எரிச்சல்" என்ற சொல்லைக் கேட்டவுடன் வயிற்றில் புண் அல்லது காந்தல் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். இங்கு அச்சொல் அப்பொருளில் வரவில்லை. குடல், சாதாரணத் தூண்டுதலுக்கும் மிகையாக எதிர்வினையாற்றுகிறது என்பதே அதன் பொருள். குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பில் ஏற்படும் மாற்றமே இந்நோயின் அடிப்படை. மற்றவர் உணராத அளவு வாயுவும் இந்நோயாளிக்கு வலியாக உணரப்படும். ஆகவே அவரது வலி கற்பனையன்று.

2016-இல் வெளியிடப்பட்ட ரோம் 4 வரையறையின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்தில் ஒரு நாளேனும் வயிற்றுவலி இருக்க வேண்டும். அவ்வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாகவோ, மலம் கழிக்கும் எண்ணிக்கை அல்லது மலத்தின் தன்மை மாறுவதோடு சேர்ந்ததாகவோ இருக்க வேண்டும். இவற்றுள் இரண்டேனும் பொருந்த வேண்டும். முதல் அறிகுறி தோன்றி ஆறு மாதங்களேனும் ஆகியிருக்க வேண்டும். 33 நாடுகளில் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், இணையவழிக் கணக்கெடுப்பு நடந்த நாடுகளில் பெரியவர்களுள் ஏறத்தாழ 4 சதவீதத்தினர் இவ்வரையறைக்குள் வந்தனர்.

கடுமையான வயிற்றுப்போக்கு குணமான பின்னரும் இந்நோய் தொடங்கலாம். கிருமித்தொற்றால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஓராண்டிற்குள் இந்நோய் தோன்றுவதாகத் தொகுப்பாய்வுகள் கூறுகின்றன. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வெள்ளமும் எண்ணெய்க் கசிவும் எண்ணூர்க் கழிமுகப் பகுதியைப் பாதித்ததை நீங்கள் அறிவீர்கள். இத்தகைய வெள்ளக் காலங்களில் குடிநீரைக் கொதிக்க வைத்துப் பருகுவது உடனடி நோயை மட்டுமன்றி, பின்னாளில் வரக்கூடிய இந்நோயையும் தடுக்க உதவும்.

உணவுமாற்றத்திற்கு முன் உறுதிசெய்ய வேண்டியவை

பின்வரும் அறிகுறிகளுள் ஏதேனும் இருப்பின், குடல் எரிச்சல் நோய் என்று நீங்களே முடிவுசெய்து உணவை மாற்றக் கூடாது. உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

• மலத்தில் இரத்தம் அல்லது கருநிற மலம்
• முயலாமலே உடல் எடை குறைதல்
• இரத்தசோகை
• தொடர் காய்ச்சல்
• உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு அல்லது வலி
• 45 வயதிற்கு மேல் முதன்முறையாகத் தோன்றும் அறிகுறிகள்
• நெருங்கிய உறவினருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருந்த வரலாறு

நம் நாட்டில் குடல் காசநோயையும் ஒட்டுண்ணித் தொற்றையும் விலக்கிய பின்னரே இந்நோயை உறுதிசெய்வது முறை. தைராய்டு கோளாறும் இதே அறிகுறிகளைத் தரலாம். நீரிழிவுக்கு வழங்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்கு வயிற்று உப்புசத்தையும் இளகிய மலத்தையும் உண்டாக்கும். நீங்கள் அம்மாத்திரையை உட்கொள்பவரானால், அறிகுறிகள் எப்போது தொடங்கின என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். அளவையோ வகையையோ மாற்றித் தர மருத்துவரால் இயலும்.

அண்மைய ஆய்வுகள் கூறுவது என்ன?

இந்நோய்க்கான உணவுமுறைகளுள் இன்று அதிகம் பேசப்படுவது குறைந்த ஃபோட்மேப் உணவுமுறை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்டு ஆகியோர் 2005 முதல் இதனை முன்வைத்தனர். சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலைச் சென்றடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதிக்கப்பட்டு வாயுவை உண்டாக்கும் சிலவகைச் சர்க்கரைகளே ஃபோட்மேப் எனப்படுகின்றன. வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றிலுள்ள ஃபிரக்டான், பருப்பு வகைகளிலுள்ள காலக்டோ சர்க்கரைகள், பாலிலுள்ள லாக்டோஸ், மாம்பழம் போன்றவற்றில் மிகுந்துள்ள ஃபிரக்டோஸ், சர்க்கரையற்ற மிட்டாய்களிலுள்ள சார்பிட்டால் ஆகியன இவற்றுள் அடங்கும்.

இம்முறைக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் நான்கு முதல் ஆறு வாரங்கள் மட்டும் இவ்வுணவுகளைக் குறைக்க வேண்டும். அடுத்து அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இறுதியில் தமக்கு ஒவ்வாதவற்றை மட்டும் குறைத்து, ஏனைய அனைத்தையும் உண்ண வேண்டும். பொதுவெளியில் பரவும் பட்டியல்களில் முதற்கட்டம் மட்டுமே காணப்படுகிறது. எஞ்சிய இரண்டு கட்டங்களும் விடுபட்டுவிடுகின்றன.

2015-இல் சுவீடனில் 75 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு, ஃபோட்மேப் முறையையும் வழக்கமான எளிய அறிவுரைகளையும் ஒப்பிட்டது. வேளைக்கு உண்ணுதல், ஒரே வேளையில் அதிகம் உண்ணாதிருத்தல், கொழுப்பு, காபி, வாயு உண்டாக்கும் உணவுகள் ஆகியவற்றைக் குறைத்தல் ஆகியனவே அவ்வெளிய அறிவுரைகள். நான்கு வாரங்களுக்குப் பின் இரு பிரிவிலும் ஏறத்தாழ பாதிப்பேர் நிவாரணம் பெற்றனர். இரண்டிற்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பிரிட்டன் இரைப்பை குடல் மருத்துவச் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எளிய அறிவுரைகளை முதற்படியாகவும், ஃபோட்மேப் முறையைப் பயிற்சி பெற்ற ஊட்டச்சத்து நிபுணரின் மேற்பார்வையில் இரண்டாம் படியாகவும் வைத்தது.

2022-இல் பெல்ஜியத்தில் குடும்ப மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றோரிடையே ஓர் ஆய்வு நடந்தது. கைப்பேசிச் செயலி வழியாக உணவுமுறை கற்பிக்கப்பட்டவர்களுள் 71 சதவீதத்தினரும், குடல் இறுக்கத்தைத் தளர்த்தும் மாத்திரை பெற்றவர்களுள் 61 சதவீதத்தினரும் எட்டு வாரங்களில் முன்னேற்றம் கண்டனர். 2024-இல் சுவீடனிலிருந்து வெளியான மற்றோர் ஆய்வில், எளிய அறிவுரையுடன் ஃபோட்மேப் முறையைப் பின்பற்றியோரில் 76 சதவீதத்தினரும், மாவுச்சத்துக் குறைந்த உணவு உண்டோரில் 71 சதவீதத்தினரும், மருந்து பெற்றோரில் 58 சதவீதத்தினரும் நான்கு வாரங்களில் பயன் கண்டனர்.

இவ்வெண்களை அப்படியே வடசென்னைக்குப் பொருத்திப் பார்க்க இயலாது. 2024 ஆய்வில் உணவுப் பிரிவினருக்கு மளிகைப் பொருள்கள் இலவசமாக வீட்டிற்கே அனுப்பப்பட்டன. சமையல் குறிப்புகளும் எழுதித் தரப்பட்டன. சுழல்பணியில் உள்ள தொழிற்சாலை ஊழியருக்கும், விடியற்காலை மீன் ஏலத்திற்குச் செல்லும் பெண்ணுக்கும் அத்தகைய வசதி இல்லை. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மளிகைப் பொருள் வீட்டிற்கு வராத சூழலில், இருக்கும் சமையலைக் கொண்டே உணவுமாற்றத்தை எவ்வாறு கற்பிப்பது?

பட்டியலை மட்டும் கொடுப்பதால் நேரும் தீங்கு

தவிர்க்க வேண்டிய உணவுகளின் அச்சிட்ட பட்டியலைக் கையில் கொடுத்தனுப்புவது எளிது. நேரமும் அதிகம் ஆகாது. ஆயினும் அதனால் மூன்று இடர்கள் உண்டு.

முதலாவது, ஊட்டச்சத்துக் குறைவு. நியாயவிலைக் கடையில் கிடைக்கும் துவரம் பருப்பும், பாலும், முட்டையும், மீனுமே பல குடும்பங்களில் புரதத்திற்கு வழி. பருப்பையும் பாலையும் முடிவின்றி விலக்கினால், அவ்விடத்தை நிரப்ப வேறு உணவு வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. இந்நிலையில் உள்ள ஒரு பெண்ணிடம் நீண்ட தவிர்ப்புப் பட்டியலைக் கொடுப்பது ஒரு நோயைத் தணிக்க மற்றொன்றை வளர்ப்பதாகும்.

இரண்டாவது, அச்சம். உண்டால் வலி வரும் என்ற எண்ணமே குடலின் உணர்திறனைக் கூட்டும். பணியிடத்தில் கழிப்பறை வசதி இல்லாத கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள், மீன் விற்கும் பெண்கள் முதலியோர் வேலை நேரத்தில் உண்ணாமலும் நீர் அருந்தாமலும் இருந்துவிட்டு, இரவில் ஒரே வேளையாக உண்கின்றனர். பட்டியல் இவ்வழக்கத்தை மேலும் வலுப்படுத்தும். அதனால் நோய் கூடும்.

மூன்றாவது, முரண்பட்ட அறிவுரைகள். நீரிழிவு உள்ளவருக்கு இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி உண்ணுமாறு கூறப்பட்டிருக்கும். குடல் எரிச்சல் நோய்ப் பட்டியலோ கோதுமையைக் குறைக்கச் சொல்லும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அந்நோயாளி எதைப் பின்பற்றுவார்? நீரிழிவில் சோறா சப்பாத்தியா என்பதைவிட உண்ணும் அளவே முதன்மையானது. அளவான சோறும், கூடுதல் காய்கறியும், ஒரு துண்டு மீனும் இரு நோய்களுக்கும் ஏற்றவை. இதைக் கூற ஒரு மனிதர் வேண்டும், பட்டியலால் இயலாது.

கற்பிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

தனி ஆலோசனை: ஊட்டச்சத்து நிபுணர் ஒருவர் நோயாளியுடன் அமர்ந்து, அவரது அன்றாட உணவைக் கேட்டறிந்து, அதற்கேற்ப மாற்றம் கூறுவது சிறந்த வழி. ஆனால் ஊட்டச்சத்து நிபுணர்கள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளிலேயே பணிபுரிகின்றனர். ஒரு நாள் கூலியை இழந்து பலமுறை வந்து செல்வதும் எளிதன்று. எனவே கடுமையான அறிகுறி உள்ளவர்கள், எடை குறைந்தவர்கள், கருவுற்றவர்கள், நீரிழிவோ சிறுநீரக நோயோ சேர்ந்துள்ளவர்கள் ஆகியோருக்கு இவ்வழியை ஒதுக்குவதே பொருத்தம்.

குழு வகுப்பு: பத்து, பன்னிரண்டு பேரை ஒன்றாக அமர்த்திக் கற்பிப்பது தனி ஆலோசனைக்குத் தாழ்ந்தது என்ற எண்ணம் உண்டு. இலண்டனில் 350-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வில், குழுவாகக் கற்றவர்களும் தனியாகக் கற்றவர்களும் ஒத்த அளவிலேயே பயன் பெற்றனர். குழு வகுப்பிற்கு ஆன செலவும் குறைவு. மலம், வாயு ஆகியவற்றைப் பற்றிப் பிறர் முன் பேச நம் மக்கள் கூச்சப்படுவர் என்பது உண்மையே. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வகுப்பு வைப்பதாலும், அறிகுறியைப் பற்றிப் பேசாமல் சமையலைப் பற்றிப் பேசத் தொடங்குவதாலும் இக்கூச்சத்தைக் குறைக்கலாம். ஒருவர் எழுப்பும் ஐயம் ஏனையோரின் ஐயமாகவும் இருப்பதுண்டு.

கைப்பேசிச் செயலி: பெல்ஜியம் ஆய்வு நம்பிக்கை அளிக்கிறது. எனினும் குழம்பு, ரசம், கூட்டு என்று நாம் உண்பவற்றை அயல்நாட்டுச் செயலிகளில் தேடுவது கடினம். படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் துணைக்கருவியாக அவற்றைப் பயன்படுத்தலாம். அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

வீட்டுவழிக் கற்பித்தல்: 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்தக்கொதிப்பு, நீரிழிவு நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று வருகின்றனர். 2023 ஜூனில் மாநிலமெங்கும் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. குடல் எரிச்சல் நோய் இவ்விரண்டின் முதன்மை நோக்கமன்று. ஆயினும் சமைக்கும் இடத்திற்கு மிக அருகில் இருப்பவை இவையே. தன்னார்வலருக்கு ஃபோட்மேப் பாடம் வேண்டியதில்லை. அபாய அறிகுறிகளை அறிதல், வேளைக்கு உண்ணச் செய்தல், தவிர்த்த உணவு திரும்பச் சேர்க்கப்பட்டதா என்று வினவுதல் ஆகிய மூன்றையும் அவருக்குப் பயிற்றுவித்தால் போதும்.

இவற்றை ஒன்றிணைப்பதே நடைமுறைக்கு ஏற்றது: அனைவருக்கும் எளிய அறிவுரை, அதில் தீராதவருக்குக் குழு வகுப்பு, சிக்கலானவருக்குத் தனி ஆலோசனை. புறநோயாளிகள் பிரிவில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே என்பது மெய். அச்சில நிமிடங்களில் அனைத்தையும் கூற முயல்வதைவிட, ஒரு சந்திப்பிற்கு ஒரு மாற்றம் என்று பிரித்துக்கொண்டால் நோயாளி அதை நினைவில் வைத்திருப்பார்.

நம் சமையலிலிருந்தே தொடங்குதல்

அயல்நாட்டு உணவுப் பெயர்களைக் கொண்டு கற்பிப்பதால் பயனில்லை. நம் பகுதியில் உண்ணப்படும் உணவை எடுத்துக்கொள்வோம்.

மீன்: மீன், நண்டு, இறால், முட்டை, கோழி ஆகியவற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் இல்லை. மீன் குழம்பு உண்டால் வயிறு உப்புகிறது என்பவருக்குப் பெரும்பாலும் ஒவ்வாதது குழம்பில் அரைத்த வெங்காயமும் பூண்டுமே. மிளகாய்க் காரமும் சிலருக்கு வலியைக் கூட்டும். ஆகவே மீனைக் கைவிட வேண்டியதில்லை. காரம் குறைத்து வறுத்தோ, வெங்காயம் குறைத்துக் குழம்பு வைத்தோ உண்ணலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் புதிய மீன் விலை உயரும்போது முட்டை நல்ல மாற்று.

பூண்டும் வெங்காயமும்: இவற்றிலுள்ள ஃபிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எனவே பூண்டுப் பற்களை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் கிடைக்கும், உப்புசம் குறையும். குழம்பிலோ ரசத்திலோ கொதித்த பூண்டை இலையில் ஒதுக்கி வைப்பதால் இப்பயன் கிடைக்காது. சத்து முழுவதும் நீரில் இறங்கியிருக்கும். வெங்காயத்திற்குப் பதிலாக வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் பயன்படுத்தலாம்.

பருப்பு: துவரம் பருப்பையும் பயறுகளையும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் வேகவைத்தால் வாயு உண்டாக்கும் சர்க்கரை குறையும். கெட்டிச் சாம்பாரை நீர்க்கச் செய்து அளவைக் குறைக்கலாம். கொண்டைக்கடலைச் சுண்டல், பருப்பு வடை ஆகியவற்றைச் சில வாரங்கள் நிறுத்திப் பார்க்கலாம்.

அரிசியும் கோதுமையும்: சோறு, இடியாப்பம், அரிசிக் கஞ்சி ஆகியவை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். இட்லி, தோசையில் உளுந்து இருப்பினும் மாவு புளிப்பதால் பலருக்குத் தொல்லை தருவதில்லை. பரோட்டாவில் மைதாவுடன் மிகுந்த எண்ணெயும் சேர்கிறது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வடசென்னைக்குக் கொண்டுவந்த அத்தோவில், கோதுமை நூடுல்ஸ், வறுத்த வெங்காயம், முட்டைக்கோஸ், பூண்டு, மிளகாய்த்தூள் ஆகியன ஒரே தட்டில் சேர்கின்றன. ஒரே வேளையில் பல தூண்டுதல்கள் ஒன்றுகூடுவது எப்படி என்பதை வகுப்பில் விளக்க அத்தோ ஏற்ற எடுத்துக்காட்டு. அறிகுறி தணிந்தபின் சிறிதளவில் அதை உண்டு பார்ப்பதற்குத் தடையில்லை.

பாலும் தேநீரும்: வயது வந்தோரில் பலருக்கு லாக்டோஸ் செரிப்பது குறைவு. தயிரிலும் மோரிலும் பாலைவிட லாக்டோஸ் குறைவாக இருப்பதால் அவை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இரவுப் பணியில் ஆறு, ஏழு முறை டீ குடிப்பவர், ஒவ்வொரு முறையும் பாலையும் காஃபீனையும் சேர்த்தே பருகுகிறார். நாளொன்றுக்கு மூன்று கோப்பைக்குள் நிறுத்துவது, பத்து உணவுகளைக் கைவிடுவதைவிட எளிதான மாற்றம்.

நார்ச்சத்து: மலச்சிக்கல் உள்ளவருக்குக் கோதுமைத் தவிடு உப்புசத்தைக் கூட்டும். நீரில் கரையும் நார்ச்சத்தான இசப்கோல் உமி பயன் தரும். சிறிதளவில் தொடங்கி, போதிய நீருடன் உட்கொள்ள வேண்டும்.

காய் கனிகளில் கத்தரிக்காய், கேரட், வெள்ளரி, தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை, பப்பாளி, ஆரஞ்சு ஆகியன பொதுவாகத் தொல்லை குறைந்தவை. மாம்பழம், பலாப்பழம், தர்ப்பூசணி ஆகியவற்றை அளவுடன் உண்ண வேண்டும்.

உணவின் வகையோடு நேரமும் முக்கியம். அமெரிக்காவில் செவிலியரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு, பகல் பணியாளரைவிடச் சுழல்பணியாளரிடம் இந்நோய் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. பணி நேரத்தை மாற்ற இயலாதவர், உணவு இடைவெளியையேனும் ஒழுங்குபடுத்தலாம். அம்மா உணவகங்களில் காலையில் இட்லியும் நண்பகலில் தயிர்சாதமும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. நண்பகல் உணவைத் தவிர்த்து இரவில் நிறைய உண்பவருக்கு இது உடனே கைக்கொள்ளத்தக்க வழி.

"பத்தியம்" என்ற சொல்லின் பயன்

நம் மக்களுக்குப் பத்தியம் புதிதன்று. மருந்துண்ணும் காலத்தில் சில உணவுகளை விலக்கி, காலம் முடிந்தபின் மீண்டும் உண்பதே பத்தியம். அதற்கு முடிவு நாள் உண்டு. மூன்று கட்ட உணவுமுறையை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. "நான்கு வாரம் பத்தியம், பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்" என்று கூறினால் எளிதில் விளங்கும். "இனி இதைத் தொடவே கூடாது" என்று கூறுவது பிழை. உங்களுக்கு யாரேனும் முடிவு நாள் கூறாமல் உணவை விலக்கச் சொன்னால், "எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள்.

நான்கு சந்திப்புகளில் கற்பித்தல்

முதல் சந்திப்பு: நோயின் தன்மையை விளக்குதல். அடுத்த இரு வாரங்களுக்கு உணவுக் குறிப்பு வைத்துக்கொள்ளுமாறு கூறுதல். எழுதப் பழக்கமில்லாதவர் நாட்காட்டியில் குறியிடலாம்: வலி இருந்த நாளுக்குப் பெருக்கல் குறி, நல்ல நாளுக்கு வட்டம், உணவு தவறிய நாளுக்குக் கோடு. இரு வாரங்களின் முடிவில் எந்நாட்களில் வலி கூடியது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாம் சந்திப்பு: குறிப்பைப் பார்த்து எளிய மாற்றங்களுள் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தல். வேளைக்கு உண்ணுதல், டீயைக் குறைத்தல், எண்ணெய்ப் பண்டத்தைக் குறைத்தல், காரத்தைக் குறைத்தல் போன்றவற்றுள் எதைச் செய்ய இயலும் என்று நோயாளியே கூற வேண்டும். நான்கு வாரங்கள் இதைப் பின்பற்ற வேண்டும்.

மூன்றாம் சந்திப்பு: நிவாரணம் கிடைத்திருந்தால் இத்துடன் நிறுத்தலாம். இல்லையெனில், குறிப்பில் ஐயத்திற்குரியதாகத் தெரியும் ஒன்றிரண்டு உணவுகளை மட்டும் நான்கு வாரங்களுக்கு விலக்கிப் பார்க்கலாம். அவற்றுக்கு மாற்று என்ன என்பதையும் அதே வேளையில் கூற வேண்டும்.

நான்காம் சந்திப்பு: விலக்கியவற்றைத் திரும்பச் சேர்த்தல். ஒரு நேரத்தில் ஓர் உணவு மட்டும். முதல் நாள் சிறிதளவு, இரண்டாம் நாள் சற்று அதிகம், மூன்றாம் நாள் வழக்கமான அளவு. தொல்லை இல்லையெனில் அவ்வுணவு உங்களுக்கு ஏற்றது. தொல்லை தந்தால், எந்த அளவு வரை தாங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு, சில நாள் இடைவெளிக்குப் பின் அடுத்த உணவைச் சோதிக்கலாம். விலக்கியும் பயன் இல்லையெனில், அவ்வுணவைத் தொடர்ந்து விலக்குவதில் பொருளில்லை. வேறு சிகிச்சை குறித்து மருத்துவரிடம் பேச வேண்டும்.

ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும், கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிக் கூறுமாறு நோயாளியைக் கேட்பது நல்ல முறை. "புரிந்ததா?" என்று வினவினால் பெரும்பாலோர் "சரிங்க" என்றே கூறுவர். "வீட்டில் சமைப்பவரிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால்தான் எது விளங்கவில்லை என்பது தெரியும்.

சமைப்பவரும் நோயாளியும் வெவ்வேறு நபராயின், ஒரு சந்திப்பிலேனும் சமைப்பவர் உடனிருக்க வேண்டும். சமைப்பவரே நோயாளியாக இருக்கும் வீடுகளில் சிக்கல் வேறு வகையானது. குடும்பத்தினருக்கு ஒரு குழம்பும் தமக்கு ஒரு குழம்பும் வைக்க நேரமின்றி, அப்பெண் பத்தியத்தையோ உணவையோ கைவிடுகிறார். வெங்காயம், காரம் சேர்ப்பதற்கு முன் ஒரு கரண்டி தனியே எடுத்து வைப்பது போன்ற எளிய வழிகளை இவ்வீடுகளுக்குக் கற்பிக்க வேண்டும். குடும்பத்தினரின் ஒத்துழைப்பும் வேண்டும்.

நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

• அபாய அறிகுறிகள் இருப்பின் முதலில் பரிசோதனை, பிறகே உணவுமாற்றம்.
• வேளைக்கு உண்பதும், ஒரே வேளையில் மிகுதியாக உண்ணாதிருப்பதும் முதற்படி.
• ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு மாற்றங்கள் மட்டும் செய்யுங்கள்.
• எந்த உணவையும் முடிவு நாள் இன்றி விலக்காதீர்கள்.
• குழந்தைகள், கருவுற்றவர்கள், இரத்தசோகை உள்ளவர்கள், எடை குறைந்தவர்கள் ஆகியோர் மருத்துவ ஆலோசனையின்றி உணவைக் குறைக்கக் கூடாது.
• மனக்கவலையும் உறக்கமின்மையும் இந்நோயைக் கூட்டும். அவற்றுக்கும் சிகிச்சை பெறுவது குறைபாடன்று.

அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நலவாழ்வு மையத்திலோ முதலில் ஆலோசனை பெறலாம். கூடுதல் பரிசோதனை தேவைப்படின் அரசு ஸ்டான்லி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு அங்கிருந்து பரிந்துரைக்கப்படுவீர்கள். பொதுவான உடல்நல ஐயங்களுக்கு 104 என்ற எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம். மருத்துவரைக் காணச் செல்லும்போது, இரு வார உணவுக் குறிப்பையோ குறியிட்ட நாட்காட்டித் தாள்களையோ, தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளையோ மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.